பேச்சுத் தாமதமுள்ள பிள்ளைகளுக்கான மொழி மதிப்பீடும் காலை வகுப்பும்: கல்லடி நிலையம் பற்றிய ஒரு தாயின் மதிப்புரை

மூன்று வயது கடந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை மட்டக்களப்பில் எங்கே காட்டுவது என்று கேட்கும் பெற்றோருக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த நிலையத்தைத்தான். பிள்ளை எத்தனை சொல் பேசுகிறான் என்று எண்ணுவதோடு இங்கே மதிப்பீடு முடிந்துவிடுவதில்லை. அவனுக்கு எது விளங்குகிறது, தன் தேவையை எப்படித் தெரிவிக்கிறான், வீட்டார் அவனோடு எப்படிப் பேசுகிறார்கள் என்பவற்றையும் பார்த்து, மறுநாளே வீட்டிலும் வகுப்பிலும் தொடங்கக்கூடிய வேலையாக அதை மாற்றித் தருகிறார்கள். என் மகன் இங்கே மதிப்பிடப்பட்டு, இப்போது காலை வகுப்பிலும் படிக்கிறான். பாடசாலைக்கு அனுப்பும் கட்டத்தில் நிலையத்தின் பணி போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செவிப்புலன் பரிசோதனை அறிக்கை இல்லாமல் இங்கே மதிப்பீட்டுக்குத் திகதி தருவதில்லை. சில பெற்றோருக்கு இது அலைச்சலாகத் தெரிகிறது. என் பார்வையில் இதுவே இவர்களின் முதல் நேர்மை. பின்னால் நின்று கைதட்டினால் பிள்ளை திரும்புகிறான் என்பது போதாது. நடுக்காதில் நீர் கட்டிய பிள்ளையும் கைதட்டலுக்குத் திரும்புவான். பேச்சின் மெல்லிய ஒலிகள்தான் அவனுக்குத் தப்பிப் போகின்றன.

மதிப்பீட்டின் பெரும்பகுதி பாயில் இருந்து விளையாடுவதிலேயே கழிந்தது. ஒரு லொறி, சிறிய சமையல் பாத்திரங்கள், மூடி இறுகிய போத்தலில் சோப்புத் தண்ணீர் ஆகியவற்றைப் பிள்ளையின் முன் வைத்துவிட்டு, சிகிச்சையாளர் ஒன்றும் கேட்காமல் காத்திருந்தார். போத்தலைத் திறக்க முடியாதபோது பிள்ளை அழுகிறானா, பெரியவரின் கையைப் பிடித்து மூடியில் வைக்கிறானா, போத்தலை நீட்டி முகத்தைப் பார்க்கிறானா என்பதையே அவர் கவனித்தார். மகன் போத்தலை நீட்டினான், முகத்தையும் பார்த்தான். சொல் வராவிட்டாலும் பிறரிடம் ஒன்றைத் தெரிவிக்க வேண்டும் என்ற நாட்டம் அவனிடம் இருப்பதை அதைக் கொண்டே அவர் எனக்கு விளக்கினார்.

அடுத்து விளக்கத்தை, அதாவது பிறர் சொல்வது பிள்ளைக்கு எவ்வளவு விளங்குகிறது என்பதைப் பார்த்தார். “சப்பாத்தை எடுத்து அம்மம்மாட்ட குடு” என்று நான் சொன்னதும் மகன் செய்துவிட்டான். “இப்ப கையைக் காட்டாம, அந்தப் பக்கம் பார்க்காமச் சொல்லிப் பாருங்க அம்மா” என்றார். பந்தை எடுத்துப் பெட்டிக்குள் போடச் சொன்னேன். பந்தை எடுத்தவன் அப்படியே நின்றான். வீட்டில் நம்முடைய கையும் கண்ணும் வாயோடு சேர்ந்தே பேசுகின்றன. அதனால்தான் “அவனுக்கு எல்லாம் விளங்கும், பேச்சு மட்டுந்தான் வரவில்லை” என்று பல வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். பேச்சு மட்டும் பிந்திய பிள்ளைக்கும் விளக்கமும் சேர்ந்து பிந்திய பிள்ளைக்கும் கொடுக்க வேண்டிய உதவி ஒன்றல்ல. இரண்டாவது வகைப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் கூடிய காலம் தேவைப்படும். இந்த வேறுபாட்டைக் கண்டறியாத மதிப்பீட்டுக்குப் பணம் கொடுப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து.

பிள்ளையின் மொழி எத்தனை வயதுக்கு ஒப்பானது என்று காட்டும் “மொழி வயது” என்ற எண் அறிக்கையில் இல்லாததை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை வைத்துத் தரப்படுத்திய சோதனையை அந்த நேரத்தில் வாயால் தமிழாக்கிக் கேட்டு, கிடைத்த புள்ளியை எழுதிக் கொடுத்தால் அந்த எண்ணுக்கு ஆதாரம் ஏது? தமிழில் வேற்றுமை உருபும் வினையின் விகுதியும் சொல்லோடு ஒட்டியே வருகின்றன. “அப்பா” என்று மட்டும் சொன்ன பிள்ளை “அப்பாக்கு” என்று சொல்லத் தொடங்கினால், எண்ணிக்கையில் அது ஒரு சொல்தான். இலக்கணத்தில் அவன் ஒரு படி ஏறிவிட்டான். சிகிச்சையாளர் இவற்றைத் தனியே குறித்துவைக்கிறார். ழகரமும் றகரமும் பிந்தி வரும் ஒலிகள் என்பதால், இந்த வயதில் அவற்றைக் குறையாக எழுதவில்லை. அறிக்கை முழுவதும் தமிழில் இருந்தது, ஊர்ப் பாலர் பாடசாலை ஆசிரியை அதை வாசித்து அன்றே இரண்டு விடயங்களைச் செய்யத் தொடங்கினார். படத் தொகுப்பை மட்டும் அவர்கள் திருத்த வேண்டும்: காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வரும் பிள்ளைகளின் உம்மாவும் வாப்பாவும் அதில் இடம்பெறவில்லை.

காலை வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. “சொல்லு, சொல்லு” என்று எந்தப் பிள்ளையையும் அங்கே நெருக்குவதில்லை. பிள்ளை “பஸ்” என்றால் ஆசிரியை “பெரிய பஸ் வருது” என்று ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ கூட்டிச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். சிற்றுண்டி நேரத்தில் வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கிறார். சுட்டிக்காட்டினாலும் படத்தை எடுத்துக் கொடுத்தாலும் அதைப் பதிலாக ஏற்றுக்கொள்கிறார். படமும் சைகையும் பழக்கினால் பிள்ளை பேசாமலே இருந்துவிடுவான் என்ற பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆய்வுகள் அந்தப் பயத்தை ஆதரிக்கவில்லை, வகுப்பில் நான் கண்டதும் அதற்கு மாறானதுதான். மற்ற நாட்களில் பிள்ளையை ஊர்ப் பாலர் பாடசாலைக்கே அனுப்பச் சொல்கிறார்கள். சரளமாகப் பேசும் சம வயதுப் பிள்ளைகளின் நடுவே இருப்பது அவசியம் என்பதால் இது சரியான அறிவுரை.

வகுப்பறை தகரக் கூரையின் கீழ் வீதியோரமாக இருக்கிறது. மழை பெய்தால் ஆசிரியையின் குரல் எனக்கே எட்டவில்லை. கேட்பதில் சிரமமுள்ள பிள்ளைகளும் வரும் இடத்தில் இதை விரைவில் சரிசெய்ய வேண்டும். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வரும் தாய்மார் பஸ்ஸுக்கும் கட்டணத்துக்கும் அன்றைய கூலியை இழந்துதான் வருகிறார்கள். மாதத்தில் ஒரு நாளாவது அங்குள்ள கொக்கட்டிச்சோலையிலோ வவுணதீவிலோ பார்க்க நிலையம் முன்வர வேண்டும்.

பெரிய குறை, பிள்ளை பாடசாலையில் தரம் ஒன்றில் சேரும்போது தெரிகிறது. இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால், நான்கு வயதில் இங்கே சேரும் பிள்ளைக்குக் கிடைப்பது மிகக் குறுகிய காலம். பேச்சுப் பிந்தியது என்ற காரணத்துக்காக மட்டும் அவனை விசேட கல்வி அலகுக்கு அனுப்பத் தேவையில்லை. சாதாரண வகுப்பில் முன்வரிசையில் இருத்தி, அறிவுறுத்தலைச் சுருக்கிச் சொல்லி, பதிலுக்குக் காத்திருக்கும் ஆசிரியர் இருந்தால் பலர் சமாளிப்பார்கள். அதை அதிபருக்கும் வகுப்பாசிரியருக்கும் யார் சொல்வது? நிலையம் பாடசாலைக்குக் கடிதம் எழுதுவதுமில்லை, ஒருவரை அனுப்புவதுமில்லை. முந்திய ஆண்டுப் பெற்றோர், மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கையில் ஏந்தித் தாமே விளக்க வேண்டியிருந்தது. இவ்வளவு நுணுக்கமாக மதிப்பிடுபவர்கள், அந்த அறிவைப் பாடசாலை வாசலில் விட்டுவிடக் கூடாது.

கட்டணம் முடியாதவர்கள் காத்திருக்க வேண்டாம். அரச வைத்தியசாலைகளில் பேச்சுச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வயதில் இரண்டு சொல் சேராவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பேசிய சொற்களைப் பிள்ளை இழந்தால் எந்த வயதானாலும் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். எந்தத் தனியார் நிலையத்துக்குப் போனாலும் சிகிச்சையாளர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. இங்கே வருபவர்கள் செவிப்புலன் அறிக்கை, பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு, வீட்டில் விளையாடும்போது எடுத்த ஒரு சிறு காணொளி ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். இயலுமானால் தகப்பனையும் அழைத்து வாருங்கள். வீட்டில் செய்ய வேண்டியதை இருவரிடமும் சேர்த்தே சொல்லித் தருகிறார்கள்.