யமாலூப் டிசி-டபிள்யூ3: படகு மோட்டாருக்கு நான் வாங்கும் ஆயில்

எங்கள் ஃபைபர் படகில் இருப்பது யமஹா டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும், படகின் பின்னால் மாட்டும் மோட்டார். அதற்கு யமாலூப் டிசி-டபிள்யூ3 தான் ஊற்றுகிறேன்; டிசி-டபிள்யூ3 என்பது தண்ணீரில் குளிரும் டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்கான ஆயில் தரம். பைக்குக்கான 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலைவிட விலை கூடுதல்; ஆனாலும் இதையே வாங்கச் சொல்வேன். பைக் இன்ஜின் காற்றில் குளிர்வது, அந்த ஆயில் எரிந்தபின் கொஞ்சம் சாம்பல் விடும். தண்ணீரில் குளிரும் படகு மோட்டாருக்குச் சாம்பல் விடாத ஆயில் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பார்க் பிளக்கில் படிவு பிடித்து, நடுக்கடலில் ஸ்டார்ட் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும்.

ஓடிப் பழகிய எங்கள் மோட்டாருக்குப் பெட்ரோலும் ஆயிலும் 50:1. பத்து லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில். புது இன்ஜின் என்றால் பழகும்வரை பெரும்பாலும் 25:1, அதாவது 400 மில்லி. மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பார்த்துவிடுங்கள். தயவுசெய்து கண்ணளவில் ஊற்றாதீர்கள், அளவுக் குவளை வாங்குங்கள்.

கேனில் முதலில் பாதிப் பெட்ரோல், அப்புறம் ஆயில், மூடிக் குலுக்கி, பிறகு மிச்சப் பெட்ரோல். இந்த ஆயில் சீக்கிரம் கலந்துவிடுகிறது; சாய்த்துப் பார்த்தால் அடியில் கெட்டியாக எதுவும் நகர்வதில்லை. மெதுவாக ஓட்டி வலை இழுக்கும்போதும் புகை முகத்தில் அடிப்பதில்லை.