சிறப்புக் கல்வி டிப்ளமோவில் சேரும் முன் இதைப் படியுங்கள்

அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ஆசிரியையாக வேண்டும் என்ற ஆசை, அக்காள் மகனோடு ஒரே வீட்டில் வளர்ந்ததால் எனக்கு வந்தது. அதை நம்பி, மார்த்தாண்டம் பக்கம் இயங்கும் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் ‘சிறப்புக் கல்வி டிப்ளமோ’ என்ற ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தேன். அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துத்தான் 48,000 ரூபாய் கட்டினேன். கையில் கிடைத்த சான்றிதழ் எந்தச் சிறப்புப் பள்ளியிலும் செல்லாது என்பது படித்து முடித்த பிறகே தெரிந்தது.

சேரும் நாளில் அங்கீகாரம் உண்டா என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த இரண்டு தாள்களைக் காட்டினார்கள். ஒன்று அறக்கட்டளைப் பதிவுச் சான்று, மற்றது ஐ.எஸ்.ஓ. சான்று. அறக்கட்டளையைப் பதிவு செய்வது வேறு, ஆசிரியர் பயிற்சி நடத்த அனுமதி பெறுவது வேறு என்பதை அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை.

வகுப்பு சனி, ஞாயிறுகளில் மட்டும் நடந்தது. நகலெடுத்துக் கொடுத்த குறிப்பேட்டில் ஊனமுற்றோருக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டமும் அதிலுள்ள 7 வகைக் குறைபாடுகளுமே இருந்தன. அதை நீக்கிவிட்டு வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது என்பதும், ஆட்டிசம் அவற்றில் ஒன்று என்பதும் அந்தக் குறிப்பேட்டில் ஒரு வரி கூட இல்லை. செய்முறைப் பயிற்சி என்று ஒரே ஒரு நாள் ஒரு பள்ளிக்கு அழைத்துப்போய், குழந்தைகளோடு எங்களை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

பிறகு நம் மாவட்டத்துச் சிறப்புப் பள்ளி ஒன்றில் வேலைக்கு விண்ணப்பித்தேன். தலைமை ஆசிரியையான அருட்சகோதரி என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆர்.சி.ஐ. பதிவு எண் எங்கே, மகளே?” என்று கேட்டார். நான் விழித்ததைக் கண்டு, பொறுமையாக உட்காரவைத்து விளக்கினார். ஆர்.சி.ஐ. என்பது இந்திய மறுவாழ்வுக் குழுமம். அதற்கான சட்டம் 1992இல் இயற்றப்பட்டது. அந்தக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்களே சிறப்பாசிரியராகப் பணிபுரியலாம். பதிவில்லாமல் பணிபுரிந்தால் ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டத்தின் 13ஆம் பிரிவில் இடமுண்டு. ஏமாந்தது நானாக இருந்தும், மாட்டிக்கொள்ள இருந்ததும் நானேதான் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

அன்று அவர் என்னை ஒரு வகுப்பில் சிறிது நேரம் இருக்க அனுமதித்தார். ஒரு சிறுவனுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, முன்படிகளை எல்லாம் ஆசிரியை செய்து, துளையில் பாதி நுழைந்த பொத்தானை இழுத்து முடிக்கும் கடைசிப் படியை மட்டும் சிறுவனிடம் விட்டார். முடித்த மகிழ்ச்சி ஒவ்வொரு முறையும் அவனுக்கே கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்படிக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போகிறார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நாங்கள் இத்தனை வருடமும் முதல் படியிலேயே கடிந்துகொண்டிருந்தோம். ஓராண்டு வகுப்பில் இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

பயிற்சி நிலையத்துக்குத் திரும்பிப்போய்க் கேட்டபோது, தனியார் பள்ளிகள் பதிவு எண் கேட்பதில்லை என்றார்கள். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றும் சொல்லிவிட்டு, 12,000 ரூபாய்க்கு இன்னொரு படிப்பில் சேரச் சொன்னார்கள்.

சேர விரும்புகிறவர்கள் சுவரில் இருப்பதைப் பார்க்க வேண்டாம். மறுவாழ்வுக் குழுமத்தின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் படிப்பும், அது எந்தக் குறைபாட்டுக்கு உரியது என்பதும், நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்பதும் பொருந்த வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்கள் சேரும் சிறப்புக் கல்வி டி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. ஓராண்டில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நான் மனு கொடுக்க இருக்கிறேன். பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். என்னோடு படித்தவர்கள் இதைப் பார்த்தால், கட்டண ரசீதையும் சேர்க்கை விளம்பரத் தாளையும் கிழித்துப் போடாமல் வைத்திருந்து எனக்குச் செய்தி அனுப்புங்கள்.