அகாஸ்வேரு யார்: செர்க்சஸா, அர்த்தசெர்க்சஸா?

யூதப் பெண் ஒருத்தி பாரசீக ராணியாகும் கதையைச் சொல்லும் பைபிளின் எஸ்தர் புத்தகத்தைத் திறந்தால் முதல் வசனத்திலேயே ஆள் வந்துவிடுகிறார். இந்து தேசம் தொடங்கி எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்ட அகாஸ்வேரு. ஆனால் பாரசீக வரலாற்றில் அப்படி ஒரு பெயர் கிடையாது. அப்படியானால் இவர் யார்? முதலாம் செர்க்சஸ் (கி.மு. 486–465) என்கிறது ஒரு கட்சி. அர்த்தசெர்க்சஸ் என்கிறது இன்னொரு கட்சி. அதற்குள்ளும் முதலாமவரா (465–424), இரண்டாமவரா (404–358) என்று ஒரு தகராறு. 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் அஷர், செர்க்சஸின் தந்தை முதலாம் தரியுவை (டேரியஸ்) நிறுத்தினார். பைபிளின் எஸ்றா புத்தகம் தரியுவையும் அகாஸ்வேருவையும் தனித்தனி ஆட்களாகச் சொல்வதால் அவரை இப்போதே ஓரமாக உட்கார வைத்துவிடலாம்.

வயதில் மூத்தது அர்த்தசெர்க்சஸ் கட்சிதான். எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த செப்துவஜிந்த், எஸ்தர் கதை முழுக்க அர்த்தசெர்க்சஸ் என்றே எழுதுகிறது. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், செர்க்சஸுக்கு அடுத்து வந்த மகன் என்று அதை முதலாம் அர்த்தசெர்க்சஸோடு முடிச்சுப் போட்டார். 13ஆம் நூற்றாண்டுச் சிரிய அறிஞர் பார் எப்ராயா இரண்டாமவர் பக்கம் சாய்ந்தார். அந்த அரசருக்கு 360 ஆசைநாயகிகள் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருப்பது எஸ்தர் கதையின் அந்தப்புரத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் பொருத்தமான அந்தப்புரம் எந்தப் பாரசீக அரசனுக்கும் கிடைக்கும்!

செர்க்சஸ் கட்சிக்கு பலம் வந்தது 19ஆம் நூற்றாண்டில். 1802இல் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் குரோட்டெஃபெண்ட், பாரசீகத் தலைநகரான பெர்சபோலிஸின் ஆப்பெழுத்துகளில் (ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன பழைய எழுத்து) அரசர் பெயர்களைப் பிரிக்கத் தொடங்கினார். பிறகு வந்தவர்கள் வாசிப்பைச் சரிசெய்ய, கிரேக்கர் செர்க்சஸ் என்று அழைத்தவர் தன்னை எப்படி எழுதிக்கொண்டார் என்பது தெரிந்தது: க்ஷயார்ஷா.

இதை எபிரெய எழுத்துக்கு அருகில் வைத்துப் பாருங்கள். எபிரெயத்தில் அவர் அஹஷ்வேரோஷ். உயிரொலிகளை எடுத்துவிட்டு மெய்களை மட்டும் வைத்தால், பாரசீகத்தில் க்-ஷ்-ய்-ர்-ஷ், எபிரெயத்தில் ஹ்-ஷ்-வ்-ர்-ஷ். தொடக்கத்து 'க்', 'ஹ்' இரண்டும் நெருங்கிய தொண்டை ஒலிகள். இடையில் 'ய்' மட்டும் 'வ்' ஆகியிருக்கிறது. முன்னால் ஒட்டியிருக்கும் 'அ'? அது நமக்குப் புதிதா என்ன? ஸ்கூலை 'இஸ்கூல்' என்று சொல்லும் நாக்குக்கு அது உடனே விளங்கும். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் செமித்திய மொழிகளும் ஓர் உயிரை முட்டுக்கொடுக்கும். பாபிலோன் களிமண் பலகைகளிலும் இதே அரசர் அஹ்ஷியார்ஷு என்று 'அ'வோடு வருகிறார். தமிழுக்கு வந்தபோது 'ஹ' 'கா' ஆகி, கடைசி 'ஷ்' உதிர்ந்துபோக, அகாஸ்வேரு ஆகிவிட்டார். அதனால்தான் நம் காதுக்குச் செர்க்சஸ் அகப்படுவதே இல்லை.

அர்த்தசெர்க்சஸ் வேறு சொல். பாரசீகத்தில் அர்தக்ஷஸா: முன்பாதி வடமொழியின் 'ருத', பின்பாதி 'க்ஷத்திர'. அதன் எபிரெய வடிவமும் வேதத்திலேயே இருக்கிறது. தமிழில் அதுதான் அர்தசஷ்டா. எஸ்றா 4ஆம் அதிகாரத்தில் 5ஆம் வசனம் கோரேசையும் (சைரஸ்) தரியுவையும் சொல்கிறது, 6ஆம் வசனம் அகாஸ்வேருவை, 7ஆம் வசனம் அர்தசஷ்டாவை. வரலாற்று வரிசையும் அதேதான்: கோரேசு, தரியு, செர்க்சஸ், அர்த்தசெர்க்சஸ். அடுத்தடுத்த இரண்டு வசனங்களில் இரண்டு பெயரையும் பிரித்து எழுதத் தெரிந்த மொழியில், எஸ்தரை எழுதியவர் மட்டும் குழம்பினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செப்துவஜிந்த்தார் தங்கள் காதுக்குப் பழகிய பாரசீகப் பெயரைப் போட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

காலக்கணக்கும் செர்க்சஸுக்கே சாதகம். ராணி வஸ்தி பதவி இழக்கும் விருந்து நடப்பது ஆட்சியின் 3ஆம் ஆண்டில், எஸ்தர் அரண்மனைக்குள் போவது 7ஆம் ஆண்டின் பத்தாம் மாதம். நடுவில் ஏன் இத்தனை இடைவெளி? செர்க்சஸ் என்றால் பதில் சுலபம்: கிரேக்கப் படையெடுப்பு. 480இல் சலாமிஸ் கடற்போரில் தோற்றார், 479இல் பிளாட்டேயாவில் அவருடைய படை தோற்றது. அந்த ஏழாம் ஆண்டின் குளிர்காலம் 479ஐ ஒட்டி வருகிறது.

சரி, அப்படியானால் எஸ்தர் கதை அப்படியே வரலாறா? அது வேறு வழக்கு, இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் செர்க்சஸின் ராணி அமெஸ்ட்ரிஸ். வஸ்தியையும் எஸ்தரையும் ஹெரோடோட்டஸ் அறியவே இல்லை. பாரசீக அரசர்கள் குறிப்பிட்ட சில குடும்பங்களில்தான் பெண் எடுப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார். தானியேல் 9:1இல் வரும் அகாஸ்வேருவோ தரியுவுக்குத் தகப்பன். இந்தச் செர்க்சஸோ தரியுவுக்கு மகன். அந்த அகாஸ்வேருவை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

எஸ்தர் 10:1இன் எபிரெய மூலத்தில் ஒரு சின்ன விஷயம் உண்டு. மற்ற இடங்களில் 'வாவ்' (எபிரெய 'வ்') எழுத்தோடு வரும் அகாஸ்வேரு என்ற பெயர், அங்கே அது ஒன்றுகூட இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. முன்னால் முட்டுக்கொடுக்கும் அலெஃப் எழுத்தைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஹ், ஷ், ர், ஷ். நடுவில் 'ய்' மட்டும் குறைகிற க்ஷயார்ஷா.