பச்சைப்பாசி ஹைட்ரஜன்: கழுவலாமா, நீர்க்க விடலாமா?

கந்தகம் கிடைக்காத கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசியால், ஒளிச்சேர்க்கையில் ஆக்ஸிஜன் உண்டாகத் தேவையான டி1 புரதத்தைப் புதுப்பிக்க முடியாது. ஆக்ஸிஜன் உற்பத்தி சரியும். மூடிய குடுவையில் மிச்ச ஆக்ஸிஜனைச் சுவாசமே தீர்த்துவிடும். அப்புறம்தான் ஹைட்ரஜனை உண்டாக்கும் ஹைட்ரஜனேஸ் நொதி வேலை செய்யும்.

கந்தகத்தை நீக்க ஒரு வழி சென்ட்ரிஃபியூஜ்: 2000 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல் 2000 மடங்கு விசையில்) 5 நிமிடம் சுழற்றி, கந்தகமில்லாத டேப் (TAP) ஊடகத்தால், அதாவது அசிட்டேட் கலந்த வளர்ப்புக் கரைசலால், மூன்று முறை கழுவுவது. ஏறத்தாழ ஒரு நாளில் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். ஆனால் கழுவும்போது பாக்டீரியா புகுந்தால், ஊடகத்து அசிட்டேட்டைத் தின்று அதுதான் கொழுக்கும்.

மற்றது, 100 மி.லி. வளர்ப்பை 900 மி.லி. கந்தகமில்லா ஊடகத்தில் ஊற்றிவிடுவது. கருவி வேண்டாம், கிருமி பயமும் குறைவு. ஒட்டிவந்த சல்பேட் (கந்தக உப்பு) தீரும்வரை பாசி வளர்ந்துகொண்டே இருக்கும். ஹைட்ரஜன் குமிழ் வரத் தாமதமாகும், அவ்வளவுதான்.

இரண்டிலும் காலை வாருவது ஒன்றே: மக்னீசியம் சல்பேட்டை மாற்றிவிட்டு, நுண்சத்துக் கரைசலின் துத்தநாக, இரும்பு, தாமிர சல்பேட்டுகளை மறந்துவிடுவது. எல்லாமே குளோரைடாக வேண்டும்.

வேலூர்க் கத்திரி வெயிலில், ஏசி இல்லாத கல்லூரி ஆய்வகத்துக்கு நீர்க்க விடுவதே தோது. குடுவை 25 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கட்டும். சிலிகான் குழாய் மட்டும் வேண்டாம். ஹைட்ரஜன் அதன் சுவர் வழியாகவே கசிந்துவிடும்.