சி.கே. ஒன்: கடலோரப் புழுக்கத்தில் ஒரு பாட்டில் தீரும் வரை

சி.கே. ஒன் சென்ட் பற்றிக் கேட்டால் முதலில் வரும் குறை, "நிக்கவே மாட்டேங்குது" என்பதுதான். புதுச்சேரிக்காரர்களுக்கு அதுதான் இதன் நல்ல குணம். மே மாத மதியம் கடலூர் பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கும்போது, வெனிலாவும் மரவாசனையும் கலந்த கனமான சென்ட் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி. இது யாரையும் அப்படிப் படுத்தாது.

சி.கே. என்றால் கால்வின் கிளைன், 1968இல் கோட்டு விற்று ஆரம்பித்த பேர். 1985இல் வந்த அவர்களுடைய அப்செஷன் சென்ட், அடித்தால் அறை முழுக்க நிற்கும் ரகம். அதற்கு நேர் எதிராக 1994இல் வந்தது சி.கே. ஒன். அல்பர்டோ மொரியாஸ், ஹாரி ஃப்ரமோன் இருவரும் கலந்தது. ஆண், பெண் என்று பிரிக்காமல், குளித்துவிட்டு பனியன் மாட்டுவதுபோலத் தினமும் அடிக்கிற சென்ட். பெட்டியில் கோட்டி என்ற வேறு கம்பெனியின் பேரைப் பார்த்துப் போலி என்று பயப்பட வேண்டாம். 2005இல் இந்தச் சென்ட் வியாபாரம் யூனிலீவரிடமிருந்து கோட்டிக்குப் போய்விட்டது. பார்க்க வேண்டியது பாட்டிலின் அடியில் உள்ள பேட்ச் எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்பதைத்தான்.

அடித்ததும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழம், அன்னாசி, கொஞ்சம் ஏலம். எலுமிச்சை இனத்து வாசனைகள் சட்டென ஆவியாகிறவை. வெயிலில் இருபது நிமிஷம் தாங்கினால் பெரிது. பிறகு கிரீன் டீயும் லேசான மல்லிகையும், கடைசியில் சோப்புப் போட்டுக் குளித்த உடம்புபோல மஸ்க், அதாவது கஸ்தூரி வாசனை. ஏ.சி. அறையில் நாலைந்து மணி நேரம் வரும், வெளியில் சுற்றினால் இரண்டு மூன்றுதான். தலையில் மல்லிகைச் சரம் வைத்த நாளில் இதை அடிப்பது வீண், பூ முழுங்கிவிடும்.

வியர்த்த உடம்பில் அடிப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. வியர்வை நாற்றம் போகாது, இரண்டும் சேர்ந்து புளிப்பாக ஒன்று வரும். குளித்து, துவட்டி, ஃபேனுக்கடியில் ஐந்து நிமிஷம் காய்ந்தபின் நெஞ்சில் இரண்டு, பின்கழுத்தில் ஒன்று. தேங்காய் எண்ணெய் தடவிய இடத்தை விட்டுவிடுங்கள். எண்ணெயின் வாடை மேலே ஏறி நிற்கும். காட்டன் சட்டையில் ஒரு சாண் தள்ளி ஒரு முறை அடித்தால் இன்னும் கொஞ்ச நேரம் தங்கும். பட்டில் வேண்டாம், கறை விழும். சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குக் கிளம்பும்போது முகம் கழுவி இன்னும் இரண்டு. ஒரு மணி நேரத்தில் உங்கள் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. மஸ்க்குக்கு மூக்கு பழகிவிடும், பக்கத்தில் இருப்பவருக்கு வந்துகொண்டுதான் இருக்கும். அதை நம்பாமல் மறுபடி மறுபடி அடிப்பவர்களால்தான் பாட்டில் சீக்கிரம் காலியாகிறது.

ஒரு அழுத்துக்குச் சுமார் 0.1 மி.லி. போகும். நாளைக்கு ஐந்து என்றால் 100 மி.லி. கிட்டத்தட்ட 200 நாள்.

வைக்கிற இடம் முக்கியம். வெயில் விழும் ஜன்னல், குளியலறை, ஸ்கூட்டர் டிக்கி மூன்றும் கூடாது. சூட்டில் எலுமிச்சை வாசனை முதலில் கெடும். பெயிண்ட் கடை நெடி அடித்தாலோ திரவம் அடர்மஞ்சளாக மாறினாலோ அதுதான் காரணம். பீரோவுக்குள் பெட்டியோடு வைத்தால் போதும்.

பல சென்ட் பாட்டில்களில் பம்ப் அழுத்திப் பூட்டியிருக்கும். இதில் திருகு. சரியாக இறுகாவிட்டால் ஆல்கஹால் மெல்லப் பறந்துவிடும், பைக்குள் சாய்ந்தால் ஒழுகும். வெளியூருக்கு 10 மி.லி. கண்ணாடி ஸ்ப்ரேயில் ஊற்றிக்கொண்டு இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குழாய்க்கு எட்டாத கடைசிச் சொட்டுகளுக்கும் இந்தத் திருகு உதவும்: கழற்றி, அதே சின்ன ஸ்ப்ரேயில் கவிழ்த்துக்கொள்ளலாம்.