திருகோணமலையில் வீட்டுக் கடன்: எந்த வட்டி, எந்தத் தவணை, எந்தக் காணி?

போன மாதம் தங்கச்சியும் மச்சானும் பாலையூற்றில் ஒரு வீடு பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் இரண்டு வங்கிகள் எழுதிக் கொடுத்த கணக்கு. ஒன்றில் மாறும் வட்டி 11%, மற்றதில் நிலையான வட்டி 13%. கடன் 50 இலட்சம், காலம் 15 வருடம். "11 தானே குறைவு, இதில் யோசிக்க என்ன இருக்கு அண்ணா?" என்றாள். யோசிக்க நிறையவே இருக்கிறது.

முதலில் தவணையைப் பார்ப்போம். 11 வீதத்தில் மாதம் ஏறத்தாழ 56,800 ரூபாய். 13 வீதத்தில் 63,300. மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசம், சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்த 11 என்பது இன்றைய 11. மாறும் வட்டிக் கடன்கள் பெரும்பாலும் மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும் முதன்மைக் கடன் வீதத்தோடு (வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளரிடம் வாங்கும் சராசரி வட்டி) கட்டப்பட்டவை. அதன் மேல் வங்கி தன் பங்குக்கு இரண்டோ மூன்றோ வீதம் சேர்க்கும். அந்த வீதம் ஏறினால் உங்கள் தவணையும் ஏறும்.

எவ்வளவு ஏறும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளி உயர்த்தியது. அந்த வருடத் தொடக்கத்தில் 8, 9 வீதத்தில் நின்ற முதன்மைக் கடன் வீதம் வருட முடிவில் 27 வரை போனது. நான் 2021 இல் 40 இலட்சம் மாறும் வட்டியில் எடுத்திருந்தேன். தவணை 40,500 சொச்சம். 2022 முடியும்போது அது இரட்டிப்பைத் தாண்டியிருந்தது. சம்பளம் அதே சம்பளம், அரிசியும் பாலும் இரண்டு மூன்று மடங்கு விலை. மனைவியின் நகை அடகுக்குப் போனது அந்தக் காலத்தில்தான். தங்கச்சியின் 50 இலட்சத்தில் வட்டி 24 ஆகிவிட்டால் தவணை 1,02,900 ரூபாய். அந்தத் தாளின் ஓரத்தில் இதை எழுதிக் காட்டினேன். மச்சான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அதற்காக நிலையான வட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்று சொல்லவில்லை. "நிலையானது" என்று சொல்லும்போது எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். பல வங்கிகளில் முதல் மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குத்தான் அது நிலையானது, பிறகு மாறும் வட்டிக்குப் போய்விடும். இடையில் மொத்தமாகக் கட்டி முடிக்கப் போனால் அபராதம் இருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். என் கணிப்பு இது: ஒரே ஒரு மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு நிலையான வட்டிதான் சரி, அந்த ஆறாயிரத்து ஐந்நூறு நிம்மதிக்குக் கொடுக்கும் விலை. வெளிநாட்டிலிருந்து அண்ணனோ பிள்ளையோ பணம் அனுப்பி, நாலு வருடத்தில் கடனை முடிக்கக்கூடியவர்களுக்கு மாறும் வட்டி பரவாயில்லை.

அடுத்தது தவணையின் வடிவம். இதைப் பற்றி வங்கியில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. 12 வீதத்தில், அதே 50 இலட்சம், 15 வருடம் என்று வைப்போம். சம தவணை என்றால் கடைசிவரை மாதம் 60,000 ரூபாய். முதல் மாதம் அதில் 50,000 வட்டிக்கே போகிறது, கடன் தொகையில் கழிவது பத்தாயிரம்தான். குறையும் தவணை என்றால், மாதாமாதம் கடனில் ஒரே தொகையைக் கழித்து, அதோடு மீதிக்கான வட்டியையும் கட்டுவது; முதல் மாதம் 77,800 கட்ட வேண்டும். ஆனால் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்து கடைசித் தவணை 28,000 அளவில் நிற்கும். மொத்த வட்டி சம தவணையில் 58 இலட்சம், குறையும் தவணையில் 45 இலட்சம் சொச்சம். கிட்டத்தட்ட 13 இலட்சம் மிச்சம்! கணவன் மனைவி இரண்டு பேரும் உழைக்கிற, ஓய்வு வயதை நெருங்குகிற வீடுகளுக்கு இரண்டாவது பொருந்தும். உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துபவர்களுக்குப் பொருந்தாது. மே முதல் செப்டெம்பர் வரை கை நிறையும், மாரியில் கை காயும். ஆரம்பத்திலேயே பெரிய தவணை அவர்களைத் திணறடிக்கும்.

நிதிக் கம்பனிகள் "10 வீதம் மட்டும்" என்பது வேறு கணக்கு. முழுக் கடனுக்கும் கடைசி வருடம்வரை வட்டி போடும் முறை அது. 10 இலட்சத்தை ஐந்து வருடத்தில் மாதம் 25,000 வீதம் கட்டினால் உண்மையான வட்டி 17 வீதத்துக்கு மேல். வீட்டுக்கு இது வேண்டாம்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வட்டி வேண்டாம் என்பவர்கள் பங்குடைமை முறையைப் பார்க்கலாம். வங்கியும் நீங்களும் சேர்ந்து வீட்டை வாங்குவீர்கள். வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்தபடி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்வீர்கள். அந்த வாடகையும் இடையிடையே திருத்தப்படலாம், எப்போதெல்லாம் என்று கேளுங்கள்.

தனியார் துறையில் வேலை செய்பவர்கள் ஊழியர் சேமலாப நிதியை மறக்க வேண்டாம். அந்த மீதியைப் பிணையாக வைத்து வீடமைப்புக் கடன் பெறலாம். அரசு ஊழியர்களுக்குத் தனியாகச் சொத்துக் கடன் திட்டம் உண்டு, வட்டியின் ஒரு பகுதியை அரசு ஏற்கும். தகுதி இருந்தால் அதை முதலில் கேட்டுவிட்டு மற்ற வங்கிப் படிகளை ஏறுங்கள்.

இனி எங்கள் ஊரில் எல்லாவற்றையும் விடப் பெரிய ஒப்பீடு: உறுதிக் காணியா (சொந்த உரிமைப் பத்திரம் உள்ளது), பெர்மிட் காணியா (அரசின் அனுமதிப் பத்திரம் மட்டும் உள்ளது)? ஒரே ஒழுங்கையில் 20 பேர்ச் பெர்மிட் காணி மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவுக்குக் காரணம் இருக்கிறது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அரச காணி அது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, சாதாரண வங்கி ஈட்டுக்கும் எடுக்காது. அளிப்புப் பத்திரம் (அரசு காணியை அளித்ததற்கான பத்திரம்) உள்ள காணி ஒரு படி மேல், ஆனாலும் அனுமதி தேவை. உறுதிக் காணியிலும் சிக்கல் வரும். இடம்பெயர்வில் உறுதி தொலைந்தவர்கள், உரிமைக்காரர் கனடாவில் இருந்து அட்டோர்னி தத்துவத்தில் விற்பவர்கள், பங்கு பிரிக்காத தாய்வழிச் சொத்து, எல்லாம் இங்கே சாதாரணம். வங்கிச் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடுவார். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு உங்கள் நொத்தாரிஸ் மூலம் அதையே தேடுவிக்கலாம். நிலாவெளிப் பக்கம் கடலோரமாக வாங்குகிறவர்கள், சராசரி உயர் அலைமட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர்வரை கரையோர வலயம் என்பதையும், அங்கே கட்ட அனுமதி தேவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கைப்பணம் பற்றியும் ஒரு சொல். கடன் வீட்டின் முழு விலைக்கும் கிடைக்காது, மதிப்பீட்டாளர் போடும் பெறுமதியில் ஒரு பங்குக்குத்தான் கிடைக்கும். அந்தப் பெறுமதி தெரு விலையை விடக் குறைவாக வருவதே வழமை. அதோடு முத்திரைத் தீர்வை: முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 80 இலட்சத்து வீட்டுக்கு அதுவே 3,19,000 ரூபாய். நொத்தாரிஸ் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், காப்புறுதி எல்லாம் இதற்கு மேல்.

தங்கச்சி நிலையான வட்டியைத்தான் தேர்ந்தெடுத்தாள், ஐந்து வருடத்துக்கு, சம தவணையில். 15 வருடத்தை 12 ஆகக் குறைக்க முடியுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. பழைய உறுதியில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது, அது தெளியும்வரை காத்திருக்கிறார்கள்.