வெள்ளவத்தை மொட்டைமாடியில் ஒரு விமான ரிசீவர்

ஆர்டிஎல்-எஸ்டிஆர் யூஎஸ்பி டொங்கிள் (கணினியில் செருகும் சிறிய ரேடியோ ரிசீவர்), கூட வந்த அன்டெனா, ஒரு பழைய லேப்டொப். கட்டுநாயக்கவுக்கு வந்துபோகும் விமானங்களை எங்கள் மாடியிலிருந்து பார்க்க இவ்வளவும் போதும். ஏடிஎஸ்-பி முறையில் விமானங்கள் தாங்களாகவே 1090 மெகாஹேர்ட்ஸில் அனுப்பும் இடம், உயரம், வேகத்தை எல்லாம் டம்ப்1090 மென்பொருள் வரைபடத்தில் போட்டுக் காட்டுகிறது. கடல் பக்கம் மறைப்பு இல்லாததால் மேற்கே வெகுதூரம் பிடிக்கிறது. கிழக்கே அடுக்குமாடிகள் மறைக்கின்றன. அன்டெனா சுமார்தான், கம்பியைக் கால் அலைநீளத்துக்கு, அதாவது 6.9 சென்ரிமீற்றருக்கு, வெட்டிப் பொருத்திய பிறகு நல்ல முன்னேற்றம். டொங்கிள் சூடாகும், வெயிலில் வைக்காதீர்கள்.

ஆனால் வானம் முழுவதும் தெரிகிறது என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். இந்தச் செய்திகளை அனுப்பும் கருவியான ட்ரான்ஸ்பொண்டர் இல்லாத விமானம் இதில் வராது. 2007 மார்ச்சில் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் சிறிய விமானங்கள் குண்டு போட்ட இரவைக் கொழும்பில் எத்தனை பேர் மறந்திருப்பார்கள்? அப்படி வருவதை, எதிரொலியை வைத்துக் கண்டுபிடிக்கும் முதன்மை ராடர்தான் காட்டும். தவிர, ஏடிஎஸ்-பி செய்தியில் குறியாக்கம் கிடையாது, பொய்யாகவும் அனுப்பலாம். சிவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் தரவும் விமானப்படை ராடரின் தரவும் ஒரே திரையில் ஒப்பிடப்பட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பயணிகள் விமானத்தைத் தவறாக எதிரி என்று எண்ணாமலிருக்கவும் அது வேண்டும்.

சரி, டொங்கிள்? வீட்டில் ஏ/எல் படிக்கும், விமானப் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.